பேஸ்பால் நூல்களும் நாங்களும்

பந்தைத் தொட்டறியாதவர்கள் பந்தாட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா? சொல்லலாம் என்பதே எங்கள் துணிபு. நாங்கள் பத்தாம் வகுப்புத் தோழியர் மூவர். பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தை ஒருமுறையேனும் நேரில் கண்டதில்லை. ஆயினும் அதைப் பற்றிய நூல்களை இந்த ஓராண்டில் விரும்பிப் படித்தோம்.

எங்கள் நூலகத்தின் கடைசி அலமாரியில், அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவர் அளித்த ஆங்கில நூல்கள் தூசி படிந்து கிடந்தன. “இவற்றைப் படியுங்கள், உங்கள் ஆங்கிலம் வளரட்டும்” என்று நூலகச் சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். முதலில் முகம் சுளித்தோம். பிறகு மதிய இடைவேளைகளில் வேப்பமரத்தடியில் ஒருத்தி வாசிக்க மற்றவர் கேட்பது வழக்கமாயிற்று.

கிரிக்கெட் அறிந்தவர்க்கு இவ்வாட்டம் எளிதில் விளங்கும். அணிக்கு 9 பேர், ஒன்பது இன்னிங்ஸ். மட்டையால் அடித்தவர் மூன்று தளங்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம். அந்த இடத்திற்கு ‘வீடு’ என்றே பெயர்! மூவர் ஆட்டமிழந்தால் எதிரணியின் முறை.

முதலில் படித்தது மைக்கேல் லூயிஸ் 2003-இல் எழுதிய ‘மணிபால்’. பணவசதி குறைந்த ஓக்லண்ட் அணி, பிறர் ஒதுக்கிய ஆட்டக்காரர்களைப் புள்ளிவிவரங்களால் தேர்ந்தெடுத்து, 2002-இல் தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்ற கதை. கணக்கில் கெட்டிக்காரியான எங்கள் தோழிக்கு இதுவே உயிர். எங்களுக்கோ எண்கள் சற்று மிகுதியாகத் தோன்றின. ஆனால் முழங்கையில் காயமுற்று, பந்தைச் சரிவர எறிய முடியாமற்போன ஸ்காட் ஹேட்டபெர்க் என்பவரே அந்த இருபதாவது வெற்றியைத் தம் அடியால் தேடித் தந்தார் என்று படித்தபோது எல்லாருமே கைதட்டினோம்.

அடுத்தது பெட்டி பாவ் லார்ட் 1984-இல் எழுதிய சிறுவர் நாவல். சீனாவிலிருந்து புரூக்ளின் நகருக்கு வந்த ஒரு சிறுமி, மொழி தெரியாமல் வகுப்பில் தனித்து நிற்கிறாள். அது 1947-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்றுதான் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பினத்தவர், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்கில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அவரால் அச்சிறுமிக்கும் துணிவு பிறக்கிறது. புதிதாய் வரும் மாணவியை வேடிக்கை பார்க்கும் நாம் யாவரும் படிக்கவேண்டிய நூல் இது.

எங்கள் மனத்தைக் கொள்ளைகொண்டதோ டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் 1997-இல் எழுதிய தன்வரலாறு. ‘அடுத்த ஆண்டு வரை பொறு’ என்பது தலைப்பின் பொருள். டாட்ஜர்ஸ் அணி 1941 முதல் 1953 வரை ஐந்து முறை இறுதித் தொடரில் யாங்கீஸ் அணியிடம் தோற்றது. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் சொல்லிக்கொண்ட ஆறுதல்மொழிதான் அது. 1955-இல் அந்த ஆண்டும் வந்தது.

ஆசிரியை நம்மைப் போல் கத்தோலிக்கச் சூழலை அறிந்தவர். எதிரணியினருக்குத் தீங்கு நேர வேண்டுமென விரும்பியதைத் தம் முதல் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டாராம்! நாங்கள் சிரித்தோம், உடனே நிறுத்தினோம். எறிபந்துப் போட்டியில் எதிரணித் தலைவிக்குக் கால் சுளுக்காதா என்று நாங்களும் எண்ணியதுண்டு.

அவருடைய தந்தை பகலெல்லாம் வேலைக்குச் சென்றுவிடுவார். சிறுமி வானொலியில் ஆட்டத்தைக் கேட்டு, ஒவ்வோர் அடியையும் ஏட்டில் குறித்துவைத்து, மாலையில் தந்தைக்கு விவரிப்பாள். தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே நம்பினாள். மறுநாள் செய்தித்தாளில் எல்லாம் வரும் என்பதை அவர் மகளிடம் சொல்லவே இல்லை.

1957-உடன் டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றது. 1958-இல் நோயுற்ற தாய் இறந்தார். அப்போது டோரிசுக்கு வயது 15.

அப்பகுதியை அன்று வாசித்தவள், சென்ற ஆண்டு தன் தாயை இழந்த எங்கள் தோழி. புத்தகத்தை மாற்றி வாங்கக் கை நீட்டினோம், அவள் தரவில்லை. கடைசிவரை வாசித்தாள். பிறகு, “எங்க அம்மா தினமும் சாயங்காலம், இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்னடி நடந்துச்சுன்னு கேப்பாங்க. இப்ப யாரும் கேக்கறதில்ல” என்றாள். ஓராண்டாக அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் நாங்கள் அதை அறியவில்லை.

அன்று முதல் மாலை மணி அடித்ததும் நாங்கள் கேட்கிறோம். தெரிந்த செய்தியாயினும் தெரியாதவர்போல் கேட்கிறோம். அவளும் சொல்கிறாள்.

பேஸ்பால் நூல்களில் எது சிறந்தது என்று எங்களைக் கேட்டால், ஆட்டத்தைச் சொல்ல ஒருவரும் கேட்க ஒருவரும் இருக்கும் நூலே சிறந்தது என்போம். அன்புப் பெற்றோரே, இன்று மாலை உங்கள் மகளிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு வரை பொறுக்க வேண்டாம்.