பொத்தேரிக்கு வந்த ஜெர்மன் மச்சி

கடற்கரை ஸ்டேஷனில் ஏறி, செங்கல்பட்டு வரை ஜன்னலோரமாகத் தூங்கிக்கொண்டே போகிற ஆபீஸ் ஆசாமிகளுக்குப் பொத்தேரியை ஒரே ஒரு விதத்தில்தான் தெரியும். கூடுவாஞ்சேரி தாண்டியதும் முதுகில் பை மாட்டிய கூட்டம் திமுதிமுவென்று இறங்கும். பெட்டி காலி. 'அப்பாடா' என்று காலை நீட்டுகிறோமே, அந்த இடம்தான்!

பெயரிலேயே ஏரியைச் சுமக்கிற ஊர். ஏரிகளுக்குப் பேர்போன செங்கல்பட்டுச் சீமையில் அது அதிசயமில்லை. 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி வந்தது. அது பல்கலைக்கழகமாக வளர வளர, ஊரும் மாணவர் ஊராகிவிட்டது. இன்று டீக்கடையில் நின்றால் தெலுங்கும் இந்தியும் மலையாளமும் காதில் விழும். டீ மாஸ்டர் எல்லா பாஷையிலும் கடன் பாக்கி கேட்பார்!

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என் அக்கா பையன் படிக்கிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போனபோது பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன். "மாமா, இவன் ஜெர்மனி. ஒரு செமஸ்டர் மட்டும் இங்க படிக்க வந்திருக்கான்" என்றான். அந்தப் பையனும் கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றான். ஆக, எனக்கு ஜெர்மனியிலும் ஒரு மருமகன்!

"எங்க காலேஜ் வாழ்க்கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். மடை திறந்த மாதிரி கொட்டினான்.

வாத்தியார் நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றதும், தீப்பிடித்துவிட்டதோ என்று வாசலைப் பார்த்தானாம். அவன் ஊரில் யாரும் எழுந்திருப்பதில்லை. பாடம் முடிந்ததும் மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல். ஹாஸ்டலில் ராத்திரி ஆள் இருக்கிறானா என்று கணக்கெடுப்பதும் அவனுக்குப் புதுசு. அங்கே அறைச் சாவி கையில் வந்துவிட்டால், எப்போது வருகிறாய், போகிறாய் என்று கேட்க நாதியில்லை.

மார்க் விவகாரம் இன்னும் வேடிக்கை. அங்கே 1 வாங்கினால் பிரமாதம், 5 வாங்கினால் ஃபெயில். என் அத்திம்பேர் அங்கே பிறந்திருந்தால், சின்ன வயதில் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும்!

"முதல் வாரம் ரொம்பக் கோபம் வந்தது மாமா" என்றான். மெஸ்ஸில் உட்கார்ந்ததும் நாலு பேர் அவன் தட்டிலிருந்து அப்பளம், பொரியல் என்று எடுத்துத் தின்றார்களாம். கேட்கவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் புரிந்திருக்கிறது: அவர்கள் தட்டிலும் அவன் கைவைக்கலாம்! "எங்க ஊர்ல ஒருத்தனோட இவ்வளவு பழக ரெண்டு வருஷம் ஆகும்" என்றான்.

பக்கத்தில் அக்கா பையன் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. அவன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகத் துடிக்கிறான். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். என் பி.காம். மூளை பெருக்கிப் பார்த்தது: 11 லட்சத்துக்கு மேல்! அக்காவின் நகைப்பெட்டி கண்முன் வந்து போனது.

"பணம் கட்டலாம், மார்க் வாங்கலாம். அங்க இவன் தட்டுல யாரு கை வைப்பா?" என்று ஜெர்மன்காரனிடமே கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னான்: "யாரும் வைக்க மாட்டாங்க மாமா. முதல்ல இவன்தான் பேசணும். அதுவும் ஜெர்மன்ல. நம்ம ஊர்க்காரங்களோடயே ரூம் எடுத்து, நம்ம சாப்பாடே சமைச்சு இருந்துட்டா, ரெண்டு வருஷமும் விருந்தாளியாவே இருந்துட்டு வருவான்."

'நம்ம' என்றதைக் கவனித்தீர்களா?

அவன் சொன்னதற்கு அவன் நாட்டுக்காரரே சாட்சி. 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது நிரம்ப ஒரு நாள் பாக்கி. தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார்? திண்ணைப் பள்ளியில் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதினார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு மணலில் உட்கார வெட்கம் கூடாது. பொத்தேரியில் நம் ஜெர்மன் மச்சிக்கு டீக்கடை பெஞ்சுதான் திண்ணைப் பள்ளி.

கிளம்பும்போது பையில் கைவிட்டேன். ஜெர்மன்காரன் முந்திக்கொண்டு மூன்று டீக்கும் காசு கொடுத்துவிட்டான். அவன் ஊரில் அவரவர் குடித்ததற்கு அவரவர் காசு தருவதுதான் வழக்கமாம்! "இங்க பழகிட்டேன் மாமா" என்றான்.

அக்கா பையன் என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டான். ரயில் வருகிற வரை பேசவே இல்லை. ஏறியதும் ஜன்னலருகே வந்து, "அம்மாகிட்ட நகையைப் பத்தி இப்பப் பேசாதீங்க மாமா. முதல்ல ஜெர்மன் கிளாஸ்ல சேர்ந்துக்கறேன்" என்றான்.

அவன் எந்த நாட்டில் போய்ப் படித்தாலும் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.