கிழக்கேகோட்டையில் கைமாறும் மெஷின்கள்

திருவனந்தபுரம் பத்மதீர்த்தக் கரையில், மணிக்கொரு முறை இரண்டு ஆடுகள் பாய்ந்து வந்து ஒரு தாடிக்காரரின் கன்னங்களில் முட்டும் மேத்தன் மணி என்ற கடிகாரத்தைக் கடந்து, கோட்டை வாசலுக்கு வெளியே பஸ்களின் இரைச்சலையும் ஒருவாறு தாண்டிவிட்டால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சாலைக் கடைவீதி தொடங்குகிறது. தமிழ் பேசி வியாபாரம் செய்யும் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தின் உட்புறத்தில், மண்ணெண்ணெய் வாசனையைக் கொண்டே கண்டுபிடிக்கத்தக்கதாக இருந்தது நான் தேடிச் சென்ற தையல் மெஷின் பட்டறை.

தேடிச் சென்றதற்குக் காரணம் உண்டு. என் தாயார் பல வருஷம் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய கால் மெஷினை, வேறோர் ஊரில் ஒரு கடைக்காரர் பழைய இரும்பின் விலைக்கு எடுத்துக்கொண்டு புது மெஷின் கொடுத்தார். பத்து நாள் கழித்து அதே மெஷின் பாலிஷ் போடப்பட்டு, மும்மடங்கு விலையில் அந்தக் கடை வாசலில் நின்றது. பலகையின் மூலையில் இருந்த கத்தரிக்கோல் வெட்டை அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வித்தியாசத்தில் உழைப்பின் கூலி எவ்வளவு, எங்கள் அறியாமையின் விலை எவ்வளவு என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

பட்டறைக்காரர் தக்கலைப் பக்கத்தவர்; 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை அதுவும் திருவிதாங்கூர்ச் சீமையே ஆகையால், அவருடைய தகப்பனார் இங்கே வந்து தொழில் கற்றதை ஊர்விட்டு ஊர் வந்ததாக அவர்கள் கருதவில்லை. நான் போனபோது கரமனையிலிருந்து ஓர் அம்மாள் ஆட்டோவில் ஒரு சிங்கர் மெஷினைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். முழங்கால் வலியால் மிதிக்க முடியாமல், மோட்டார் மெஷினுக்கு மாற்றிக்கொள்ள வந்தவர்.

விலை பேசுவதற்கு முன் பரீட்சை நடந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலைக் கையால் உருட்டினார். எங்கே இறுகுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். ஊசிக்கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பின்பு மல் துணியில் ஒரு வரி, மடித்த ஜீன்ஸ் துணியில் ஒரு வரி தைத்து, துணியைத் திருப்பி என்னிடம் காட்டினார். “பாத்தீளா சாரே, அடிநூல் கம்பி மாதிரி நேரா கெடக்கு. மேல்நூல் இறுக்கம் போதாது, அவ்வளவுதான். ரெண்டு நூலும் துணிக்க நடுவில போய்ப் பின்னணும். மெஷினுக்குக் கேடு ஒண்ணும் இல்ல.” இதை அந்த அம்மாள் கேட்கும்படியே சொன்னார் என்பதுதான் என் மனத்தில் தைத்தது. உடம்பில் பொறித்த எண் ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கியது; 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆலை 1980இல் மூடப்பட்டது, மெஷின் ஓடுகிறது.

லாபத்தைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் கணக்குச் சொன்னார்: ஒரு மெஷினை 2,000 ரூபாய்க்கு எடுத்தால், பெல்ட், ஷட்டில், பலகைப் பாலிஷ், ஸ்டாண்டுக்குப் பெயின்ட் எல்லாமாக 900, ஆட்டோவும் சுமட்டுக்கூலியும் 300, இறுகிப்போன பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைத்துக் கோப்பதற்கு இரண்டு நாள். 4,500க்கு விற்றால் மிச்சம் 1,300. இரண்டு நாளுக்குப் பங்கிட்டால் கேரளத்துக் கொத்தனாரின் கூலிக்குக்கூட எட்டாது. வாங்குவோர் வரும்வரை முதல் முடங்கிக் கிடப்பது வேறு. “எடுத்த மாதிரியே துடைச்சு வெச்சு விக்கிறவனும் உண்டு. அது கூலியில்ல சாரே.”

நான் தேடி வந்த விடையும் அதுவே. கை பட்ட அளவுக்கு லாபம் நியாயம். கொண்டுவந்தவருக்குப் பொருளின் குணத்தை மறைத்துச் சம்பாதிப்பது அபகாரம். புது மெஷினின் விலையை முதலில் ஏற்றி வைத்துவிட்டு, அதிலிருந்து பழையதற்காகக் கழிப்பதாகக் காட்டும் தந்திரமும் இவ்வினத்தையே சேர்ந்தது. மாற்று வியாபாரம் என்னவோ மெஷினளவு பழையது: 1856இல் சிங்கர் கம்பெனியின் பங்காளி எட்வர்ட் கிளார்க், பழைய மெஷின் கொண்டுவருவோருக்கு 50 டாலர் கழித்துக் கொடுத்தார், அப்படி வந்தவை மறுபடி சந்தைக்குப் போகாதிருக்க அழிக்கப்பட்டன. சாலைக் கடைவீதியில் பழையவை பிழைக்கின்றன.

சிங்கர் மெஷினுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1924இல், இயந்திரங்கள் அனைத்தையுமே எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளைக் கேட்டவர், பிற்காலத்தில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான திருவிதாங்கூர் இளைஞர் ஜி. ராமச்சந்திரன்; விதிவிலக்காகக் காந்தியடிகள் எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. தனி மனிதரின் வீண் உழைப்பைக் குறைக்கும் யந்திரம் என்ற அந்தக் கருணையின் அர்த்தம், அன்று கரமனை அம்மாளின் முழங்காலைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

விலை 2,500 என்று முடிந்தது. அம்மாள் இழுப்பறையைத் திறந்து பாபின்களையும் தேய்ந்த சாக்குக்கட்டியையும் முந்தானையில் முடிந்துகொண்டார். எண்ணெய்க் குப்பியை மட்டும் திரும்ப வைத்தார். “வாங்குறவங்களுக்கு ஆகும், அண்ணாச்சி,” என்றார்.

“யாரு வாங்கினாலும் உங்க மெஷினுன்னு சொல்லியே குடுப்பேன் அக்கா,” என்று சொல்லிவிட்டு, அவர் பெல்ட்டை மாட்டத் தொடங்கினார்.