நெடுந்தீவில் ஓர் அளவை

குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலைகளில் ஆடியபின் நெடுந்தீவில் இறங்கினோம். பவளக்கல் மதில்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாம் கூறப்புகுவது வேறொன்று.

உடன்வந்த மாணவர் நெடுந்தூர ஓட்டக்காரர். சென்ற போட்டியிற் கடைசிக் கட்டத்தில் கால் தளர்ந்து நின்றுவிட்டவர். "நாள்தோறும் 10 கிலோமீற்றர் ஓடிப் பழகினேனே, சேர்!" என்பது அவர் முறைப்பாடு. அதற்குச் சாட்சி, கையிற் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரம் ஒன்றே.

அச்சாட்சியைச் சோதிக்க எண்ணினோம். துவிச்சக்கர வண்டியொன்றை இரவல் வாங்கி, அளவெடுத்து, சில்லிற் சிவப்பு நூல் கட்டினோம். ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர். அவர் ஓட, நாம் அருகே மெல்ல மிதித்து 500 சுற்று எண்ணினோம். ஆக 1,100 மீற்றர். கடிகாரமோ போகையில் 1.16 கிலோமீற்றர் என்றது. அதே வழியில் மீள்கையில் 1.13!

ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளுள் நான்கேனும் அனுப்பும் குறிகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டே கடிகாரம் தன் இடத்தைக் கணிக்கின்றது. ஒவ்வொரு கணிப்பும் சில மீற்றர் விலகலாம்; அப்புள்ளிகளை இணைக்குங்கால் நேர்வழியும் நெளிந்து நீண்டுவிடுகின்றது. மரச்செறிவிலும் மாடிகளிடையிலும் பிழை மிகும். மாணவர் பழகும் தெருவோ முழுவதும் மாமர நிழல். அவருடைய பத்து, ஒன்பதரையாகவே இருந்திருக்கலாம்.

வீதியோட்டப் போட்டிகளின் தூரத்தை இன்றும் துவிச்சக்கர வண்டியாலன்றோ அளக்கின்றனர்! குறைந்துவிடலாகாதென்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைக்கின்றனர்.

திரும்பும் படகிற் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார் மாணவர். கடலையும் அவர் ஓடியே கடந்ததாக அது கணக்கெழுதியிருந்தது.