அம்மாவும் கொம்பும்

ஊர் சுற்றிப் பார்க்க மொழி அவசியமில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்துப் பொற்கோயில் 1950-இல் எரிந்து, 1955-இல் மறுபடி எழுந்து, குளத்தங்கரையில் தங்கமாய் ஜொலிக்கிறது. வாய் திறக்காமலே பார்த்துவிட்டு வரலாம். பக்கத்து நாராவில் 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் புத்தர் பெருமான் நம்மிடம் விலாசமா கேட்கப் போகிறார்? மொழி வேண்டியது வயிற்றுக்குத்தான். அதிலும், 72 வயது வரை மீனைத் தொட்டறியாத தாயாரை அழைத்துக்கொண்டு போனால்!

அங்கே சாப்பாட்டுக் கடை வாசலில் பதார்த்தங்களைப் பொம்மையாகச் செய்து, கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். விரலால் காட்டினால் போதும். ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று பொம்மை சொல்லுமா? தெளிந்த ரசம் போலிருக்கும். உலர்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்கிய சாறாக இருக்கும். 'நிக்கு' வேண்டாம் என்று சொல்ல என் மனைவி பாடம் பண்ணியிருந்தாள். நிக்கு என்றால் மாமிசம். அவர்கள் பேச்சில் மீன் அதில் சேராது!

இரண்டு நாள் அம்மாவுக்கு வெறும் சோறும் வாழைப்பழமும்தான்.

"ஏகாதசின்னு நெனச்சுக்கறேண்டா" என்றாள். அடுத்தடுத்து இரண்டு ஏகாதசி உண்டா?

மூன்றாம் நாள் நான்ஸென்ஜி கோயிலுக்கு அருகே ஒரு சிறு கடை. என் மகள் மொழிபெயர்ப்புக்காகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மா உள்ளங்கையை மீன் மாதிரி நீந்தவிட்டுக் காட்டி, இரு கன்னங்களிலும் போட்டுக்கொண்டாள்.

"ஷோஜின்?" என்றாள் கடைக்காரக் கிழவி. பிட்சுக்களின் மரக்கறிச் சமையலுக்கு அந்தப் பெயர். உள்ளே ஓடிப்போய்க் கறுப்பாக ஏதோ எடுத்து வந்து, "கொம்பு" என்றாள்.

அம்மா வெலவெலத்துப் போனாள். எந்த மாட்டினுடையதோ! நல்லவேளை, அது கடற்பாசி. சாறு அதில்தான் இறக்குகிறார்களாம். அம்மா முகர்ந்து பார்த்தாள். "உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடும்மா" என்றாள், தமிழிலேயே.

கிழவி தலைவணங்கிப் போனாள். சோயாப்பாலைத் திரித்துக் கட்டிய டோஃபு வெந்நீரில் ஆவி பறக்க வந்தது. அதில் உப்பே இல்லை!