மணிக்கு நாலு மைல்!

ஏழடி அகலமுள்ள வீட்டில் குடித்தனம் நடத்த முடியுமா? "ஏழடியா? பீரோவை வைத்தால் மனுஷர் நிற்க இடம் இராதே!" என்பீர்கள். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடத்துகிறார்கள். அதுவும் தரையில் அல்ல, தண்ணீரின் மேல்!

'நாரோபோட்' என்று அந்தப் படகுக்குப் பெயர். அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ 72 அடி வரையில் போகும். ரயில் பெட்டி ஒன்று தண்டவாளத்தை விட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டதாக வைத்துக் கொள்ளுங்களேன். அடுப்பு, அலமாரி, படுக்கை, ஸ்நான அறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால், கோபித்துக் கொண்டு போய் உட்கார வேறு அறை கிடையாது!

18-ஆம் நூற்றாண்டில், நிலக்கரியும் பீங்கானும் ஏற்றிச் செல்வதற்காக அங்கே கால்வாய்கள் வெட்டினார்கள். படகைக் குதிரை இழுக்கும். பிறகு ரயில் வந்தது. கால்வாய்க்கு மவுசு குறைந்தது. இன்று அதே கால்வாய்களில் ஜனங்கள் உல்லாசமாகப் போகிறார்கள். வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 4 மைல்தான்! கரையில் நடப்பவர் படகில் இருப்பவரோடு பேசிக் கொண்டே வரலாம்.

படகு மேடு ஏறுவதுதான் வேடிக்கை. அதற்கு 'லாக்' என்ற தொட்டி இருக்கிறது. முன்னும் பின்னும் பெரிய கதவுகள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்தி, மதகைத் திறந்தால் மேலேயிருந்து தண்ணீர் வந்து நிரம்பும். படகும் கூடவே உயரும். பிறகு முன்கதவைத் திறந்து கொண்டு போக வேண்டியதுதான். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும்; இன்னொருவர் கரையில் இறங்கி மதகைத் திருகிக் கதவைத் தள்ள வேண்டும். ஆகவே, இது இருவர் சேர்ந்து செய்யும் காரியம்.

அப்படிச் சேர்ந்து செய்த ஒரு தம்பதியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். திமோதி வெஸ்ட், புரூனெல்லா ஸ்கேல்ஸ் இருவரும் பேர்பெற்ற நடிகர்கள். 'ஃபால்டி டவர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில், ஓட்டல்காரரை ஆட்டிப் படைக்கும் மனைவியாக வந்தாரே, அவர்தான் புரூனெல்லா. 1963-ல் கல்யாணம். இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த நாளிலேயே கால்வாய்ப் பைத்தியம் பிடித்துக் கொண்டது.

ரெடிங் நகரிலிருந்து பிரிஸ்டல் வரையில் 87 மைல் நீளும் கென்னெட்-ஏவான் கால்வாய் 1810-ல் திறந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, கவனிப்பாரற்று லாக் கதவுகள் உளுத்துப் போயின. பல இடங்களில் புதர் மண்டியது. அதை மூடிவிடக் கூடாது என்று சாதாரண ஜனங்கள் கிளம்பினார்கள். பணம் திரட்டினார்கள், தாங்களே சேற்றில் இறங்கி வாரினார்கள். 1990-ல் எலிஸபெத் ராணி அதை மறுபடி திறந்து வைத்தார். அப்போது அதை முழு நீளமும் கடந்தவர்களில் முதல்வர்கள் என்ற பெருமை இந்தத் தம்பதியைச் சேர்ந்தது.

2014-ல் இவர்களுடைய படகுப் பயணங்கள் தொலைக்காட்சித் தொடராக வரத் தொடங்கின. அதற்குள் புரூனெல்லாவை மறதி நோய் பற்றியிருந்தது. வசனங்களை நெஞ்சில் வைத்துப் பிழைத்த நடிகைக்கு இப்படி ஒரு சோதனை! கணவர் அதை மூடி மறைக்கவில்லை. மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவும் இல்லை. படகில் அழைத்துக் கொண்டு போனார். கேரளத்துக் காயல்கள் வரைக்கும் வந்துவிட்டார்கள்!

இதில் நமக்கும் ஒரு விஷயம் இருக்கிறது, சகோதரிகளே! ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும் மாமியாரோ, தாயாரோ நம் வீடுகளிலும் உண்டு. "இப்போதுதானே சொன்னேன்?" என்று சலித்துக் கொள்கிறோம். அவர்களுக்கு நேற்று நடந்தது நினைவிராது. ஆனால், கை பழகிய வேலை சீக்கிரத்தில் மறப்பதில்லை. எதிரே தெரியும் பூவையும் பறவையையும் ரசிக்கப் பழைய ஞாபகம் எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் பழகிய மனுஷர் ஒருவர், அவசரப்படாமல் கூடவே வர வேண்டும். மணிக்கு 4 மைல் என்றால் அவர்களுக்கும் சரியான வேகம்தான்.

திமோதி 2024 நவம்பரில், 90-வது வயதில் காலமானார். மறு வருஷம் அக்டோபரில் புரூனெல்லாவும் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வயது 93.

பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க லண்டன் போகிறவர்கள், பாடிங்டன் ஸ்டேஷனில் ரயிலேறினால் அரைமணி சுமாரில் ரெடிங் போய்விடலாம். படகை ஒரு நாளைக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் கால்வாய்க் கரைகளில் பல இடங்களில் உண்டு. தண்ணீர் பயமா? குதிரைகள் நடந்த கரைப்பாதை இருக்கிறது. அதில் நடக்கக் காசு வேண்டாம். வயதானவர்களையும் அழைத்துக் கொண்டு போங்கள். அவர்கள் நடக்கும் வேகத்திலேயே நீங்களும் நடங்கள்.