வெந்நீர் வரும் வழி

கோயமுத்தூரில் நமது வீட்டு மொட்டை மாடியில், சூரிய வெப்பத்தினால் நீரைக் காய்ச்சும் சாதனம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையிலும் அதில் நீர் கை பொறுக்காத சூட்டுடன் நிற்கும். ஆனால் கீழே ஸ்நான அறைக் குழாயைத் திறந்தாலோ, இரண்டு நிமிஷத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்!

இதை நாம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. சென்ற மார்கழியில் அன்னையாருக்கு இருமல் கண்டு பத்து நாள் நீங்காமற் போகவே, விசாரித்தோம். விஷயம் வெளியாயிற்று. முதலில் வரும் தண்ணீரைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. 2019-ம் வருஷத்துக் கோடையில் சென்னையில் குடமும் கையுமாக நின்றவர் அவர். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலம் அது. ஆகவே வாளியில் முக்கால் பாகம் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதன்மேல் வெந்நீரை விளாவிக் குளித்து வந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயதில்!

கணக்கு வாத்தியாராகிய நாம் அன்றுதான் குழாயை அளந்தோம். உள்விட்டம் ஓர் அங்குலம். வீட்டைச் சுற்றிக்கொண்டு வரும் நீளம் 20 மீட்டர். அதற்குள் அடங்கும் நீர் சுமார் 10 லிட்டர். இரவெல்லாம் ஆறிக் கிடக்கும் அவ்வளவும் வெளியேறிய பிறகே மாடியிலுள்ள வெந்நீர் வந்து சேரும். விட்டத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு நாலில் ஒரு பங்காகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் போதித்திருக்கிறோம்! சொந்த வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

"குறுகலான குழாய் போட்டால் வேகம் குறைந்துவிடுமே, ஸார்" என்றார் பிளம்பர். அவர் சொன்னதும் நியாயமே. குழாய்க்கு உறை சுற்றலாமென்றால், அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு அது உதவும். இரவு முழுவதும் ஆறிய நீருக்கு முதலில் எழுந்திருப்பவர் என்ன செய்வார்? பம்பு வைத்து நீரைச் சுழலவிடலாம். மின்சாரச் செலவோடு, சேர்த்து வைத்த சூடும் வழியிலேயே போகும். முடிவில் பழைய குழாயை மற்றவர்களுக்கு விட்டு, அன்னையாரின் அறைக்கு மட்டும் அரை அங்குலக் குழாய் ஒன்றை நேர்வழியாக இறக்கினோம். நீளம் 12 மீட்டர். உள்ளே நிற்பது ஒன்றரை லிட்டர். வேகம் சற்றுக் குறைவுதான். ஒருவர் குளிக்க அது போதும்.

மறுநாள் காலை அறைக்குள்ளிருந்து அன்னையாரின் குரல் கேட்டது.

"என்னடா இது, இப்படிக் கொதிக்கிறது! விளாவப் பச்சைத் தண்ணீர் எங்கேடா?"