ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு சுட்ட வில்லை

சென்ற கோடையில் ஒரு நாள் மதியம் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்தது. மாலையில் பார்த்தால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. "டக்" என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். சில நிமிடம் கழித்து மறுபடியும் "டக்". காய்கறி கெட்டால் போகட்டும், உள்ளே என் மனைவியின் இன்சுலின் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தேன்.

தம்பி வந்து, கம்ப்ரசரில் செருகியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்கினார். கலகலவென்றது. "ரிலே போயிடுச்சு சார்" என்று சொல்லிப் பிரித்துக் காட்டினார். காசளவு வில்லை ஒன்று மூன்று துண்டாகக் கிடந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதன் பெயர் 'தெர்மிஸ்தான்ஸ்'. ஆங்கிலத்தில் தெர்மிஸ்டர். சூட்டைப் பொறுத்து மின்தடை மாறும் பொருள். இது உலோகம் இல்லை, சுட்ட பீங்கான்!

செய்முறையைப் படித்தபோது நம் வில்லியனூர்க் குயவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். களிமண்ணுக்குப் பதில் பேரியம் கார்பனேட்டும் டைட்டானியம் டை ஆக்ஸைடும். தண்ணீர் விட்டு மாவாக அரைத்து, உலர்த்தி, ஒரு முறை சுட்டு, மறுபடி அரைக்கிறார்கள். பிறகு மாத்திரை போல அழுத்தி, சுமார் 1300 டிகிரியில் மீண்டும் சுடுகிறார்கள். கடைசியில் இரு முகங்களிலும் உலோகப் பூச்சு.

சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வெறும் பேரியம் டைட்டனேட் மின்சாரத்தைக் கடத்தாது. இட்ரியம், லாந்தனம் போன்ற ஒன்றை மிகச் சிறிதளவு சேர்த்தால்தான் கடத்தும். அடுத்தது ஆற வைப்பது. ஆறும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் துகள்களின் ஓரங்களில் படிய வேண்டும். அப்போதுதான் சுமார் 120 டிகிரியைத் தாண்டியதும் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும் குணம் வருகிறது. ஈயம் சேர்த்தால் அந்த எல்லை உயரும், ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் இறங்கும்.

ஃப்ரிட்ஜில் அதற்கு என்ன வேலை? மோட்டார் கிளம்பும்போது வில்லை குளிர்ந்திருக்கும், ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்சாரத்தை விடும். ஓரிரு நொடியில் தானே சூடேறி வழியை அடைத்துவிடும். அந்தக் காலத்து ஆபீஸ் பியூன் மாதிரி, உள்ளே விட வேண்டியவரை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். மோட்டார் ஓடும் வரை வில்லை சூடாகவே இருக்கும்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மின்சாரம் போய் உடனே வந்தால் வில்லை இன்னும் ஆறியிருக்காது, கதவும் திறக்காது. மோட்டார் கிளம்ப முடியாமல் திணறிச் சூடாகும். பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்தும் சத்தம்தான் அந்த "டக்".

ஆகையால் நண்பர்களே, மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். எழுந்து போக முடியாதவர்கள், சில நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கி வையுங்கள். மருந்து வைத்திருக்கும் வீடுகளுக்கு இது அவசியம்.